நாலு துண்டு வெள்ளரிக்காய்

ஹொன்னப்பா செத்து வருஷம் திரும்பிய பிறகு வந்த முதல் மாளய அமாவாசை அது. தம்பிக்கு என்னென்ன படைக்க வேண்டும் என்று ரத்னம்மா விடிந்ததிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு, ராகி முத்தே, ஒப்பட்டு, பொரித்த ஈரல், ஒரு கட்டு பீடி. உயிரோடு இருந்தபோது பீடியைப் பிடுங்கி அடுப்பில் போட்டவளும் அவள்தான். செத்தவனுக்கு நுரையீரல் ஏது, பிடித்துவிட்டுப் போகட்டும் என்று இப்போது இரண்டு கட்டு வாங்கிவரச் சொன்னாள்.

திப்டூருக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது ஹொன்னப்பாவின் வீடு. பிள்ளையில்லை. அவன் பஸ் ஓட்டினான், மனைவி நாகவேணி வெள்ளரிக்காய் ஆலையில் வேலை பார்த்தாள். இப்போது அவள் மட்டும்தான். எடெ என்னும் படையல் வைப்பதற்காகப் பங்காளிகள் பத்துப் பேர் வந்து முற்றத்தை நிறைத்திருந்தார்கள்.

"ஏ நாகு, வெள்ளரிக்காயை மறந்துட்டேனே," என்று ரத்னம்மா கூடையைத் திறந்தாள். "எங்க கொல்லையில காய்ச்சது. நம்ம ஹொன்னனுக்கு உயிராச்சே. நீயே நறுக்கிடு. உன் கைச் சுத்தம் யாருக்கு வரும்?"

பிறகு பங்காளிகள் பக்கம் திரும்பி, வழக்கமான புராணத்தை ஆரம்பித்தாள். "தண்ணியை மூணு தடவை கொதிக்க வைப்பா. அவன் தட்டைத் தனியாக் கழுவுவா. நான் கூடக் கை கழுவாம அவன்கிட்டப் போக முடியாது. சாவித்திரி கெட்டா இவகிட்ட."

நாகவேணி கூடைக்குள் பார்த்தாள். நாலு காய். பிஞ்சும் இல்லை, முற்றலும் இல்லை. மேலே ஒரு கீறல் கிடையாது, பனிபட்டாற்போல் மினுங்கின. பதினேழு மாதமாக அவள் பச்சைக் காய் எதையும் வாயில் வைத்ததில்லை. சந்தைக்குப் போனால் தக்காளிக் குவியலைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பாள். அதற்குள் இருப்பதெல்லாம் தன்னைத் திரும்பிப் பார்ப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் போய்விடுமா?

*

ஆலையில் விரல் நீள வெள்ளரிப் பிஞ்சுகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கப்பலேற்றுவார்கள். அங்கே சோதனைக்கூடத்தில் நாகவேணிக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. காயைக் கழுவிய தண்ணீர், தொட்டி உப்பு, மூடி, பாட்டில் எல்லாவற்றிலும் துளி எடுத்து, கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தடவிச் சூட்டுப்பெட்டிக்குள் வைப்பாள். இரண்டு நாளில் தட்டில் புள்ளி முளைத்தால் கிருமி உண்டு, முளைக்காவிட்டால் சரக்கு போகலாம். வந்ததை வந்தபடி எழுதுவாள். ஒரு தடவை மேலாளர், கப்பல் காத்திருக்கிறது, ஒரு சைபரைக் குறைத்து எழுதும்மா என்று கெஞ்சினார். "சைபர் என் வீட்டுச் சொத்தா சார், குறைக்க?" என்று கேட்டுவிட்டு எழுதியதை எழுதியபடியே நீட்டினாள்.

அந்த ஆலையில் எல்லாரும் வேதம் போல் நம்பிய சங்கதி ஒன்று உண்டு. கிருமி இருப்பதெல்லாம் தோலுக்கு மேலே. காயம் படாத நல்ல காயின் உள்ளே ஒன்றும் கிடையாது. நாகவேணிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொட்டியில் சில காய்கள் ஊதிப்போகும், வெட்டினால் நடுவே பொந்து இருக்கும். "காத்து புகுந்துடுச்சு" என்பார்கள் தொட்டிக்காரர்கள். ஓட்டையில்லாத காய்க்குள் காற்றை விட்டது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஹொன்னப்பாவுக்கு ரத்தத்தில் புற்று. பெங்களூர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, மூன்று வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளை அணு அடியோடு இறங்கியிருக்கிறது, வீட்டில் வெந்தது மட்டும்தான், பச்சையாக ஒரு கொத்தமல்லி இலை கூடக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நாகவேணி அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அந்த நாட்களில் அவள் காத்த காவலுக்கு ரத்னம்மா சொல்லும் புராணம் கொஞ்சமும் மிகையில்லை.

ஆனால் ராம நவமி வந்தது. தெருமுனைக் கோயிலில் பானகமும் வெள்ளரிக்காய் போட்ட கோசம்பரியும் கொடுத்தார்கள். நறுக்கிய வெள்ளரிக்காயின் வாசம் ஜன்னல் வழியாக வந்து, ஆறு நாளாகக் கஞ்சி தவிர எதுவும் இறங்காமல் கிடந்த மனிதனை எழுப்பி உட்கார வைத்துவிட்டது.

"நாகு, ஒரே ஒரு துண்டு," என்றான்.

"தாளைப் பார்த்தீங்கல்ல?"

"தாளைத் தின்னு தின்னு வாயெல்லாம் காகிதமாப் போச்சுடி. ஊருக்கே வெள்ளரிக்காய் பரிசோதனை பண்றவ, எனக்கு ஒண்ணு சுத்தம் பண்ணித் தரமாட்டியா? அப்புறம் என்னத்துக்கு உனக்கு அந்த வெள்ளைக் கோட்டு?"

கேலியாகத்தான் சொன்னான். அவளுக்கோ அது நெஞ்சில் தைத்தது. அந்த ஜில்லாவிலேயே ஒரு காயைச் சுத்தமாக்கத் தெரிந்தவள் யாராவது இருந்தால் அது தான்தானே என்று தோன்றியது. கெட்ட நேரம் வந்தால் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து வரும் போல.

மறுநாள் ஆலையில் நூறு காய் புரட்டி ஒன்றைப் பொறுக்கினாள். கழுவி, ஸ்பிரிட்டில் முக்கி, நெருப்பில் காட்டினாள். நீலச் சுடர் தோலெல்லாம் ஓடி அணைந்தது. கத்தியைச் சிவக்கச் சுட்டு ஆறவைத்து, கண்ணாடித் தடுப்புக்குள் கைவிட்டு நறுக்கி, கொதிநீராவியில் வெந்த டப்பாவில் அடைத்தாள். ஒரு சீவலை மட்டும் கூழ்த் தட்டில் வைத்துச் சூட்டுப்பெட்டிக்குள் தள்ளினாள். இரண்டு நாள் கழித்து அந்த வெறும் தட்டைக் கொண்டுபோய் அவனிடம் காட்டி, பார்த்தீங்களா என் வேலையை என்று பெருமையடிக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைதான் அவளைக் கெடுத்தது.

ஹொன்னப்பா நாலு துண்டு தின்றான். உப்பும் மிளகாய்ப்பொடியும்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். ஐந்தாவதைக் கேட்டபோது, போதும் என்று டப்பாவை மூடிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். சீவலைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள், ஈரம் மின்ன, கடுகு தெளித்த மாதிரி. அதே கத்தி, அதே தடுப்பு, அதே கூழ் என்று காய் வைக்காத தட்டு ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அது வெறுமையாக இருந்தது. எனவே கையில் பிழையில்லை, கத்தியில் பிழையில்லை. அவை காய்க்குள்ளேயே இருந்தவை. பூவாக இருந்தபோதோ வேர் வழியாகவோ குடியேறி, காய்க்கும் கெடுதல் இல்லாமல், தின்கிறவர்க்கும் கெடுதல் இல்லாமல் இருந்தவை. நாமெல்லாம் தினம் தின்று ஏப்பம் விடுகிறோம். வெள்ளை அணு இல்லாதவன் கதை வேறு.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று பாத்திரம் தேய்க்கும்போதும் முணுமுணுத்தாள். ஐந்தாம் நாள் மாலை ஹொன்னப்பாவுக்குக் குளிர் கண்டது.

பெங்களூரில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "பச்சையா ஏதாவது குடுத்தீங்களா? மறைக்காதீங்க, திட்டமாட்டேன். தெரிஞ்சா மருந்தை அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக் கொடுக்கலாம்."

நாகவேணியின் பக்கத்தில் ரத்னம்மா நின்றாள். "இல்ல," என்றாள் நாகவேணி.

"இவளா குடுப்பா?" என்று ரத்னம்மா சீறினாள். "நாலு நாள் முன்னாடி அந்தக் கண்டக்டர் ராஜு வந்தான்ம்மா. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு, வாசப்படியில நின்னு பார்த்துட்டுப் போனான். அவன் குடுத்துட்டுப் போனதுதான் இது."

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். நாகவேணி வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் ஹொன்னப்பா போய்ச் சேர்ந்தான். எடுக்கும் அன்று முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் ரத்னம்மா கெம்பராஜுவின் சட்டையைப் பிடித்து, "உன் இருமல் என் தம்பியைத் தின்னுடுச்சேடா" என்று கத்தினாள். ஹொன்னப்பாவின் பஸ்ஸில் பதினாலு வருஷம் டிக்கெட் கிழித்தவன், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அன்றும் நாகவேணி வாயைத் திறக்கவில்லை.

அந்த மஞ்சள் தட்டை அவள் அழிக்கவில்லை. ஒரு வாரத்தில் வேகவைத்துக் கொட்டிவிட வேண்டும் என்பது சோதனைக்கூடத்தின் சட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாள் வரட்டும், அதில் எந்தக் கிருமி என்று எழுதியிருக்கும், இதோடு ஒத்துப் பார்த்தால் கொன்றது யார் என்று தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள். கூழ் காய்ந்தால் புள்ளிகள் செத்துவிடும். எனவே மாதம் ஒருமுறை கம்பி நுனியால் தொட்டுப் புதுத் தட்டுக்கு மாற்றினாள்.

தாள் வந்தது. 'நோ குரோத்' என்று இரண்டே சொல். ஹொன்னப்பாவின் ரத்தத்தில் எதுவும் முளைக்கவில்லை. இந்த மாதிரிக் காய்ச்சல்களில் பாதி இப்படித்தான், எதால் வந்தது என்று கடைசிவரை தெரியாமலே போகும் என்று டாக்டரம்மா போனில் சொன்னாள். வாழ்நாளெல்லாம் அந்த இரண்டு சொல்லை நல்ல சேதியாகவே எழுதிவந்தவள் நாகவேணி. இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு, தான் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை என்று புரிந்துகொண்டாள்.

அப்புறமும் தட்டை மாற்றுவதை நிறுத்த முடியவில்லை. அவன் கடைசியாக ஆசைப்பட்டுத் தின்றதில் உயிரோடு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதானே. ஊரில் செத்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை படைக்கிறார்கள். அவள் மாதாமாதம் படைத்தாள். குளிர்பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அந்த மஞ்சள் அவளைப் பார்த்து, சொல்லிட்டியா, சொல்லிட்டியா என்று கேட்டது.

*

நாலு மணிக்கு இலை போட்டார்கள். சுவரோரம் ஹொன்னப்பாவின் படம், முன்னால் புது வேட்டி சட்டை, தூபம். எல்லாம் பரிமாறியதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்க வேண்டும். உள்ளே அவன் வந்து சாப்பிட்டுப் போவான். வெள்ளரிக்காய் மட்டும் இன்னும் நறுக்கவில்லை.

"என்னடி, காயை வெச்சுக்கிட்டுக் கனாக் காண்றே?" என்று ரத்னம்மா கேட்டபோது வாசலில் சலசலப்பு.

படலுக்கு வெளியே கெம்பராஜு நின்றான். பாதியாக இளைத்திருந்தான். கையில் ஒரு துணிப்பை, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி ஒரு கைக்குட்டை.

"அக்கா, நான் உள்ளே வரல," என்றான். "குவார்ட்டர் பாட்டிலும் வேகவெச்ச கடலையும் இருக்கு. கடைசி டிரிப் முடிஞ்சா நாங்க ரெண்டு பேரும்... இதை மட்டும் அவன் இலையில வெச்சுடுங்க. நான் போயிடறேன்."

ரத்னம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். "எமனுக்கு இங்க இலை போடலை. எடுத்துக்கிட்டுப் போடா. அன்னிக்குக் கொடுத்தது பத்தலையா? செத்தவனுக்கும் ஒட்டவைக்க வந்தியா?"

பங்காளிகள் யாரும் தடுக்கவில்லை. அவன் பையைப் படலின் அடியில் வைத்துவிட்டுத் திரும்பினான். அந்தத் திரும்பலில் ஒரு பழக்கம் இருந்தது. போகிற இடத்திலெல்லாம் இப்படித் துரத்தப்பட்டுத் திரும்பிப் பழகியவன் போல் திரும்பினான். அதைத்தான் நாகவேணியால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவர் இல்ல," என்றாள்.

"என்ன அவர் இல்ல?"

"நான் குடுத்தேன். வெள்ளரிக்காய். ராம நவமிக்கு மறுநாள். ஆலையில நெருப்புல காட்டி, கத்தியைச் சுட்டு நறுக்கினேன். உள்ளே ஒண்ணும் இருக்காதுன்னு நம்பினேன். இருந்துச்சு. மூணாம் நாளே என் கண்ணால பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல."

ரத்னம்மா படலிலிருந்து அவள் பக்கம் திரும்பினாள். பிறகு முகம் மெல்ல மாறியது.

"எத்தனை துண்டு?"

"நாலு. அஞ்சாவது கேட்டார். நான் தரல."

"கேட்டும் தரலையா?" என்று ரத்னம்மாவின் வாயிலிருந்து முதலில் அதுதான் வந்தது. உதடு கோணியது. "ஆசையாத் தின்னானா?"

"கண்ணை மூடிக்கிட்டுத் தின்னார் அக்கா."

"தின்னுட்டுப் போறான். காய்க்குள்ள இருந்தது உனக்கெப்படித் தெரியும், எனக்கெப்படித் தெரியும். அதை நான் மன்னிச்சுடுவேன்." ரத்னம்மா ஒரு அடி நெருங்கினாள். "ஆனா அந்த டாக்டர் பொண்ணு கேட்டப்போ நான் உன் பக்கத்துல நின்னேன். மருந்தை மாத்தலாம்னு சொல்லித்தானே கேட்டா? நீ இல்லேன்னே. என் வாயால இவன் பேரைச் சொல்ல வெச்சே. இத்தனை நாளும் சாவித்திரி சாவித்திரின்னு ஊரெல்லாம் நான் பாடினேன், கேட்டுக்கிட்டு நின்னே."

அடித்திருந்தால் தேவலை என்று நாகவேணிக்குத் தோன்றியது.

கெம்பராஜு படலுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றிருந்தான். கைக்குட்டையைக் கீழே இறக்கினான்.

"தங்கச்சி," என்றான். "என் மகளுக்குக் குழந்தை பொறந்து அஞ்சு மாசம் ஆச்சு. ஆம்பளைப் புள்ள. நான் இன்னும் தொடலை. என் மூச்சுல ஏதோ இருக்குன்னு... அது சிரிச்சாக்கூட எட்டி நின்னுதான் பார்க்கறேன். நீ இதெல்லாம் படிச்சவ. நெசமாச் சொல்லு. அவன் ரத்தத்துல இருந்தது அந்தக் காய்க்குள்ள இருந்ததேதானா? என் இருமல் இல்லியே?"

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். உண்மை என்னவென்றால், தெரியாது. ரத்தத்தில் எதுவும் முளைக்கவில்லை. காயாக இருக்கலாம், இருமலாக இருக்கலாம், அவன் குடலிலேயே இருந்த எதுவோ கரை உடைத்திருக்கலாம். தெரியாது என்ற ஒரே சொல்லைத்தான் அவள் தொழில் அவளுக்கு அனுமதித்தது. அதை இப்போது சொன்னால், இந்த மனிதன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கைக்குட்டையை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டு போவான். அந்தக் குழந்தை வளர்ந்து நடக்கும் வரை எட்டியே நிற்பான்.

"அதேதான் ராஜண்ணா," என்றாள். "ஆஸ்பத்திரித் தாள்லயே எழுதியிருக்கு. நான் படிச்சேன். மஞ்சள் கிருமி, காய்க்குள்ள இருந்ததேதான். உங்க இருமலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னிக்கே போய்க் குழந்தையைத் தூக்குங்க."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் கொடுத்த முதல் பொய் முடிவு அது. சொல்லும்போது குரல் பிசகவில்லை.

கெம்பராஜு அப்படியே படலோரம் உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆண்பிள்ளை, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். பங்காளிகளில் ஒருவர் போய் அவன் முதுகைத் தடவினார். ரத்னம்மா அவன் முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவள் பரம்பரையிலேயே கிடையாது. "எழுந்திருடா ராஜு," என்றாள். "அந்தப் பையை நீயே கொண்டாந்து உன் கையால வை. அவன் உனக்காகத்தான் காத்துக்கிட்டிருப்பான். கடலை ஆறிப்போகுது பார்."

பிறகு நாகவேணியிடம் வந்து, அவள் கையிலிருந்த கத்தியையும் காயையும் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ தொடாதே. இலைப் பக்கமும் வராதே. வெளியே நில்லு."

நாகவேணி முற்றத்தின் கோடியில், துளசி மாடத்துக்கும் அப்பால் போய் நின்றாள். அவனுக்கு வைக்கிற முதல் எடெ, அதில் அவள் கை படவில்லை. ஆனால் செய்ததைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இனி ஊர் அவளைத்தான் சொல்லும். சொல்லட்டும். அந்தச் சந்தேகத்தில் தன் பங்கோடு கெம்பராஜுவின் பங்கையும் சேர்த்துத் தூக்க ஒருத்தி வேண்டுமென்றால், அது தானாகவே இருக்கட்டும்.

கெம்பராஜு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பாட்டிலை வைத்துவிட்டு வந்தான். ரத்னம்மா கடைசியாக வெளியே வந்து, "வாப்பா ஹொன்னா, வந்து சாப்பிடு, எல்லாம் உனக்குப் பிடிச்சது," என்று அழைத்துக் கதவைச் சாத்தினாள். எல்லாரும் அந்த மூடிய கதவுக்கு முதுகு காட்டி நின்றார்கள். நாகவேணி மட்டும் கதவையே பார்த்தாள். உள்ளே வருகிறவன் எல்லாவற்றையும் கேட்டிருப்பான். அவன் ரத்தத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? யாருக்கும் கேட்காதபடி உதட்டுக்குள் சொன்னாள்.

"சாப்பிடுங்க. சாப்பிட்டுப் போயிடுங்க. ராஜண்ணாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."